வேலப்பனின் சிவப்புத் துண்டு

சித்ரகலா வரைந்த முயல்கள் ஐரோப்பா பூராவும் சுற்றிக்கொண்டிருந்தன. முயல் மட்டுமா? டைனோசர், கண்ணாடி போட்ட கரடி, சறுக்கி விளையாடும் பென்குயின் எல்லாம் அவள் கைவண்ணம்தான். அவிநாசி ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் குழந்தைகள் டீசர்ட்டுக்கு நெஞ்சுப் பிரிண்ட் வரைவது அவள் உத்தியோகம். எங்கேயோ ஒரு ஊரில் ஒரு குழந்தை அந்த முயலின் மேல் ஜாமைக் கொட்டிக்கொண்டிருக்கும். வரைந்தது யாரென்று அந்தக் குழந்தைக்கும் தெரியாது, அதைப் பெற்றவளுக்கும் தெரியாது. "முயல் இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கட்டும்" என்று துணி வாங்கும் வெளிநாட்டு பையரிடமிருந்து மெயில் வரும். இவள் முயலின் வாயை இரண்டு பக்கமும் கொஞ்சம் இழுத்துவிடுவாள். சந்தோஷம் அப்ரூவ் ஆகிவிடும்.

பத்து வருசமாக இதே பிழைப்பு. தன் பேர் போட்டு ஒரே ஒரு படமாவது வெளியே வரவேண்டும் என்று அவளுக்கு ஆசை. பேராசையெல்லாம் இல்லை, ஓரத்தில் சின்னதாகப் போட்டால்கூடப் போதும். டீசர்ட்டில் அதற்கு ஏது இடம்?

இப்படி இருந்தவளுக்கு வேலப்பன் கிடைத்தது சாம்பிள் ரூமில். பழைய சாமான்களை ஒழித்தபோது, என்றைக்கோ மூடிப்போன ஒரு பனியன் கம்பெனியின் டப்பா வந்தது. உள்ளே குழந்தைப் பனியன், அது கசங்காமல் இருக்க நடுவில் ஒரு அட்டை. அந்த அட்டையில் நாலு கட்டத்தில் ஒரு சித்திரக்கதை அச்சாகியிருந்தது. முதல் கட்டத்தில் குட்டையாக, தொப்பையாக, முறுக்கு மீசையோடு ஒருத்தன். கைவைத்த பனியன், அரை டவுசர், தோளில் சிவப்புத் துண்டு. பெயர் வீராப்பு வேலப்பன். எதிரே ஒரு நாய் நிற்கிறது. "பயமா? எனக்கா?" என்கிறான். கடைசிக் கட்டத்தில் தென்னைமர உச்சியில் இருந்துகொண்டு, "சும்மா உயரம் பாக்க ஏறினேன்!" என்கிறான்.

சித்ரகலா சாம்பிள் ரூமே அதிர்கிற மாதிரி சிரித்துவிட்டாள்.

அப்புறம் விடுவாளா? ஊரெல்லாம் விசாரித்தாள், வாட்ஸப் குரூப்பில் படம் போட்டாள். முப்பது வருசத்துக்கு முன்னால் அந்த அட்டைக்காகவே அழுது அடம்பிடித்துப் பனியன் வாங்கிய பொடிசுகள் எல்லாம் இப்போது தலை வழுக்கையாகித் திரிந்தார்கள். ஆளுக்கொரு அட்டையை எடுத்துக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "ஏனுங்க, கடைசியா சாயத்தொட்டிக்குள்ள விழுந்தானே, மேல வந்தானா இல்லீங்களா?" கடைசி அட்டையில் வேலப்பன் தொட்டி விளிம்பில் வழுக்கித் தலைகுப்புறப் போகிறான், இரண்டு கால் மட்டும் மேலே தெரிகிறது. அதற்கப்புறம் அட்டையே வரவில்லை. பாவம், வழுக்கைத் தலையர்கள் இன்னும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

சித்ரகலா அவனை மேலே தூக்க முடிவெடுத்தாள். இரண்டு வருசம் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று அவளுக்கு இல்லை. வேலப்பன் இந்தக் காலத்துத் திருப்பூரில் தொட்டியிலிருந்து எழுந்து வருகிறான். செல்போனைப் பார்த்து மிரள்கிறான், டீக்கடையில் பீகார்ப் பையன்களிடம் இந்தி கற்றுக்கொள்கிறான், தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னரைக் குழந்தைத் துணியோடு கடத்துகிற ஒரு கும்பலைத் துரத்துகிறான். துரத்துகிறான் என்று சொன்னாலும் பாதி நேரம் கும்பல்தான் இவனைத் துரத்துகிறது. பழைய அட்டை மாதிரியே கறுப்பு, சிவப்பு என்று இரண்டே கலரில் முழுப் புத்தகம். சனிக்கிழமை தொடங்கும் புத்தகத் திருவிழாவில் ஒரு ஸ்டாலில் அரை மேஜை இடமும் கேட்டு வாங்கிவிட்டாள்.

எல்லாம் சரி, வேலப்பனைப் பெற்றவர்களைக் கேட்காமல் எப்படி? அட்டை மூலையில் பொடியாக 'ரோ' என்று மட்டும் இருந்தது. பேக்கிங் செக்சன் நல்லம்மாள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். "அட, அது நம்ம ரோஸ்மேரி அக்காளுங்! அந்தக் கம்பெனில பேக்கிங்ல இருந்துச்சு. அப்பறம் பல கம்பெனில செக்கிங் சூப்பர்வைசர். அதுகிட்ட மாட்டாத தப்பு ஒண்ணு இல்ல. இப்ப அவிநாசில இருக்குதுங்."

ரோஸ்மேரி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து சின்ன வயசில் பிழைக்க வந்தவர். நாற்பது வருசம் இந்த ஊர்த் தண்ணியைக் குடித்தும் பேச்சு மட்டும் மாறவில்லை. சித்ரகலா போனபோது போனில் லூடோ ஆடிக்கொண்டு, முகம் தெரியாத யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"வேலப்பனா? அந்தப் பயலுக்கு இப்ப என்ன?" என்றார் தலையைத் தூக்காமல்.

சித்ரகலா கொண்டுபோன அட்டைகளை விரித்து வைத்து விசயத்தைச் சொன்னாள். ரோஸ்மேரி போனைக் கவிழ்த்து வைத்தார்.

"ஏ பிள்ள, அவன் ஏன் தொட்டியில விழுந்தான் தெரியுமா? நான்தான் தள்ளுனேன். அந்த அட்டையை எடுத்துப் பாரு. துண்டு எங்க இருக்கு?"

சித்ரகலா பார்த்தாள். அப்போதுதான் உறைத்தது. சிவப்பு தோளில் இல்லை. தோளை விட்டுக் கொஞ்சம் தள்ளி, அந்தரத்தில் நின்றது. அவள் சேர்த்து வைத்திருந்த எல்லா அட்டையிலும் அப்படித்தான். அது ஒரு ஸ்டைல் என்றல்லவா இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்!

"மிஷின்ல கறுப்பு ஒரு தடவை, செவப்பு ஒரு தடவை ஓடணும். ரெண்டும் சேந்து விழணும். ஒவ்வொரு அட்டைக்கும் அச்சாபீசுக்குப் போய்ச் சொன்னேன், துண்டைத் தோள்ல போடுங்கன்னு. 'பனியனை எடுத்ததும் குப்பைக்குப் போற அட்டை, எவன் பாக்கப் போறான்'னு சிரிச்சானுவ. வந்துது பாரு கோவம்! செவப்பு ஒழுங்கா விழாதுன்னா மொத்தமா சாயத்துலயே கெட, போலேன்னு தள்ளிட்டு, பேனாவைத் தூக்கிப் போட்டுட்டேன். அதுக்கப்புறம் ஒரு கோடு வரையல."

"நம்ம புத்தகத்துல சரியா விழுமுங்கக்கா."

"போன்ல எல்லாம் காட்டாத. அச்சடிச்சுப் பெட்டியோட கொண்டா, நான் பாக்கேன். துண்டு தோள்ல இருந்தா வித்துக்கோ. இல்லன்னா ஒண்ணுகூட வெளிய விடப்படாது. சம்மதமா?"

"சம்மதமுங்க்கா" என்றாள் சித்ரகலா. கம்ப்யூட்டரில் சிவப்பை முடியளவு பிசகாமல் தோளிலேயே வைத்திருந்தாள், பிறகென்ன பயம்? ஆனால் ஒன்றை மறந்துவிட்டாள். அச்சடிப்பது அவள் பெரியப்பா மகன் தங்கதுரை.

தங்கதுரைக்குச் சேவூரில் ஒரு ஷெட்டு. அட்டைப்பெட்டி ஸ்டிக்கர், சைஸ் லேபிள், துவைக்கிற குறிப்புச் சீட்டு, இவைதான் அவன் அச்சடிப்பது. புத்தகம் இதுதான் முதல். தங்கச்சி புத்தகம் என்று ஆள் தலைகால் புரியாமல் நின்றான். பேப்பர் பார்க்கப் போன அன்றைக்கே சித்ரகலா பழைய அட்டை ஒன்றை அவன் கையில் கொடுத்து, "இதே மாதிரி இருக்கோணுங்ணா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். ரோஸ்மேரியைப் பார்ப்பதற்கு முன்னால் நடந்த கதை இது.

திருப்பூர்க்காரன் கையில் சாம்பிளைக் கொடுப்பது விளையாட்டுக் காரியமில்லை. ஒரு வெள்ளைக்காரன் சிகரெட் சுட்ட ஓட்டையோடு ஒரு டீசர்ட்டைச் சாம்பிளாகக் கொடுத்துவிட்டுப் போனானாம். ஷிப்மென்ட் மொத்தமும் அதே இடத்தில் அதே அளவு ஓட்டையோடு போய் இறங்கியதாம். எந்தக் கம்பெனி என்று கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள், ஆனால் கதை எல்லாருக்கும் தெரியும். மெயிலில் என்ன இருந்தாலும், கம்ப்யூட்டரில் என்ன இருந்தாலும், கடைசியில் சாம்பிள் சொல்வதுதான் சட்டம்.

வெள்ளிக்கிழமை காலையில் சித்ரகலா ஷெட்டுக்குப் போனபோது எல்லாம் தைத்து, வெட்டி, அடுக்கி முடிந்திருந்தது. ஒரு புத்தகத்தை எடுத்து மேலட்டையைப் பார்த்தாள். 'வரைந்தது சித்ரகலா' என்று இருந்தது. இரண்டு தடவை படித்தாள். அப்புறம் வேலப்பனைப் பார்த்தாள்.

"அண்ணா, துண்டு எங்கீங்ணா?"

"அதா இருக்குதல்ல கண்ணு."

"தோள்ல இல்லீங்ணா! காத்துல நிக்குது!"

"ஆமா, சாம்பிள்லயும் காத்துலதான நிக்குது?" தங்கதுரை சட்டைப் பையிலிருந்து பாலித்தீன் கவர் போட்டு வைத்திருந்த பழைய அட்டையை எடுத்தான். முகத்தில் அப்படி ஒரு பெருமை. "முதல்ல மிஷின்காரன் தோள் மேலயே விட்டுப்போட்டான். நல்லவேளைக்கு நான் பாத்தேன். உடனே மிஷினை நிறுத்தி, செவப்பை ஒரு நூலளவு பக்கவாட்டுல தள்ளி, அரை நூல் மேல தூக்கி, லென்ஸ் வெச்சுப் பாத்துப் பாத்து ஓட்டுனேன். கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரு பிசகு இல்ல. நீயே பாரு."

சித்ரகலா பார்த்தாள். ஒரு பிசகு இல்லைதான். பக்கத்துக்குப் பக்கம் துண்டு ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில், தோளுக்கு வெளியே நின்றது. பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ரோஸ்மேரி சொன்னதை அழுகைக்கு நடுவே சொன்னாள்.

தங்கதுரைக்கு முகம் செத்துப்போய்விட்டது. "அடக் கடவுளே... மறுபடி ஓட்டலாம்னாலும் நாளைக்குக் காலைல திருவிழாவாச்சே கண்ணு."

அப்புறம் அவன் மூளை வேலை செய்தது. முதலில் சரியாக ஓட்டி, தப்பு என்று ஒதுக்கிய தாள்கள் மூலையில் கிடந்தன. அவற்றையும் அவசரமாகத் தைத்தார்கள். ஒரு அடுக்கு தேறியது. அதைப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்து டேப் ஒட்டினான். "இன்ஸ்பெக்சனுக்கு வர்றவங்க மேல ரெண்டு பீஸைத்தான் பாப்பாங்க" என்றான். வேண்டாம் என்று சொல்ல சித்ரகலா வாயெடுத்தாள், எடுத்த வாயை மூடிக்கொண்டாள். அவளை இந்த இடத்தில் நல்லவளாகக் காட்ட நமக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது அதுதான்.

ரோஸ்மேரி தயாராக இருந்தார். மேஜை மேல் வெள்ளை வேட்டி விரித்து, பட்டப்பகலில் டியூப்லைட் போட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு நின்றார். கம்பெனியை விட்டு வந்தாலும் செக்கிங் டேபிளை விட்டு வரவில்லை போல.

தங்கதுரை பெட்டியை மேஜையில் வைத்து, மேல் டேப்பைப் பிரிக்கப் போனான்.

"இருய்யா" என்றார் ரோஸ்மேரி. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தார். அடிப்பக்கத்து டேப்பைக் கத்தரியால் கீறினார். "மேல இருக்கது எப்பவும் நல்லாத்தான இருக்கும்? எத்தனை பெட்டி பாத்திருப்பேன்!"

தங்கதுரை சாமி படத்தைத் தேடினான். சுவரில் மாதா இருந்தார், அவரையே கும்பிட்டுக்கொண்டான்.

ரோஸ்மேரி ஒன்றை உருவி எடுத்தார். மேலட்டையைப் பார்த்தார்.  நாற்காலியை இழுத்துப்போட்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.  தொட்டியிலிருந்து வேலப்பன் தலை தூக்குகிற பக்கம் வந்தது. கரையில் நிற்கிற ஆள், "முப்பது வருசமாவா முங்கிக் கெடந்தே?" என்று கேட்கிறான். வேலப்பன் மீசையைப் பிழிந்துகொண்டே, "முங்கலை. சும்மா குளிச்சேன்!" என்கிறான்.

ரோஸ்மேரி குப்பென்று சிரித்துவிட்டார். "சரிதான், அவனேதான்! அப்படித்தான் சொல்லுவான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கன்டெய்னர் துரத்தலில் இன்னும் இரண்டு இடத்தில் சிரித்தார். கடைசிப் பக்கத்தை மூடினார். இழுப்பறையைத் திறந்து, செக்கிங்கில் தப்பு இருக்கும் இடத்தில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, மேலட்டையில் அந்தரத்தில் நின்ற துண்டுக்கு நேராக ஒட்டினார்.

"கதை பாஸ். அச்சு ஃபெயில். ஒண்ணுகூட வெளிய போவப்படாது."

சித்ரகலா பெட்டியைத் தொட்டுக் காட்டினாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "அக்கா, பெட்டியோட அந்தப் பக்கம் ஒரு அடுக்கு சரியா இருக்குதுங். உங்களை ஏமாத்தலாம்னு நாங்கதான் வெச்சோம். தப்புதானுங்க்கா."

"வெச்சிருப்பீங்கன்னு தெரியும்." ரோஸ்மேரி பெட்டியைத் திருப்பி, மேல் டேப்பையும் கீறி, அதில் ஒன்றை எடுத்தார். அங்கே துண்டு தோளில் கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தங்கதுரையைப் பார்த்தார். "ஏய்யா, சரியா அடிக்கத் தெரியுதுல்லா? அதை நிறுத்திட்டு எதுக்கு இப்படி அடிச்ச?"

"சாம்பிளுங்க்கா" என்றான் தங்கதுரை பரிதாபமாக. பாலித்தீன் கவரை நீட்டினான். "இதுல செவப்பு எவ்வளவு தள்ளி நிக்குதோ அதே அளவு நிக்கோணும்னு லென்ஸ் வெச்சுப் பாத்தனுங். ஒவ்வொரு பக்கமும் பாத்தனுங். கண்ணே பூத்துப்போச்சுங்க்கா."

ரோஸ்மேரி கவரோடு அட்டையை வாங்கினார். அவர் கையில் வேலப்பன் அட்டை ஒன்றுகூட மிச்சமில்லை, அன்றைக்கே எல்லாவற்றையும் கிழித்துப் போட்டவர் அவர். அட்டையையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நூல் பிசகவில்லை. அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று சித்ரகலா பயந்துபோனாள். அழவில்லை, சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணி வந்து, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"எவன் பாக்கப் போறான்னானுவ, பாத்தியா? இவன் லென்ஸ் வெச்சுப் பாத்திருக்கான்! தப்பைக்கூடத் தப்பில்லாம பாத்திருக்கான்! யய்யா, நீ அன்னைக்கு எங்கய்யா போயிருந்த?"

"அன்னைக்கு நான் கைக்குழந்தையுங்க்கா" என்றான் தங்கதுரை.

அதற்கும் ஒரு மூச்சு சிரித்து ஓய்ந்தார். சித்ரகலா மெல்ல, "அப்ப விடலாங்களா அக்கா?" என்றாள்.

"எப்படி விட? சிரிச்சா தப்பு சரியாயிருமா? துண்டு காத்துலல்லா நிக்கி!"

சித்ரகலா புத்தகத்தின் மேலட்டையையே பார்த்தாள். சிவப்பை இனி நகர்த்த முடியாது. நகர்த்த முடியாததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திடீரென்று கேட்டாள். "ஏனுங்கக்கா, துண்டு தோள்ல இல்லைன்னு வேலப்பன்கிட்டச் சொன்னா அவன் என்ன சொல்லுவான்?"

 ரோஸ்மேரியின் கை பேனா தேடி மேஜையைத் தடவியது. தங்கதுரை சட்டென்று தன் சட்டைப் பையிலிருந்த கறுப்பு மார்க்கரை எடுத்து அந்தக் கையில் வைத்தான்.

முதல் கோட்டைத் தன் உள்ளங்கையில் இழுத்துப் பார்த்தார். இரண்டாவது கோடு மேலட்டையில் இறங்கியது. வேலப்பனின் கண்ணுக்குள் இருந்த புள்ளியைத் துண்டு இருக்கும் பக்கமாகப் பெரிதாக்கினார். அவன் இப்போது ஓரக்கண்ணால் துண்டையே பார்த்தான். தலைக்கு மேலே ஒரு பேச்சு வட்டம் போட்டு உள்ளே எழுதினார்: 'நழுவலை! சும்மா காத்தாட விட்டிருக்கேன்!'

சித்ரகலா கைதட்டிக் குதித்தாள். "அக்கா, கறுப்புதானுங்! எங்க கம்பெனில பிரிண்டிங் டேபிள் இருக்குது, இதை ஒரு ஸ்கிரீனாக்கி ஒவ்வொரு மேலட்டையிலயும் மையை ஒரே இழுப்புதான். அட்டைல அவனே சொல்லிப்போட்டா உள்ள எல்லாப் பக்கத்துக்கும் சேத்தியாச்சுங். டீசர்ட்டுல முயலை இழுக்கறோம், புத்தகத்துல வேலப்பனை இழுக்கமாட்டமா? இப்ப ஆரம்பிச்சா சாயங்காலத்துக்குள்ள முடிச்சரலாமுங்!"

"அப்ப இதைச் சாம்பிளா வெச்சுக்கோ" என்று ரோஸ்மேரி அந்தப் பிரதியை நீட்டினார். தங்கதுரை அதை இரண்டு கையாலும் வாங்கினான். "அக்கா, இந்த அம்பு ஸ்டிக்கரும் பிரிண்ட்ல வரோணுங்களா?" என்று கேட்டான். ரோஸ்மேரி தலையில் அடித்துக்கொண்டு ஸ்டிக்கரைப் பிய்த்தெடுத்தார்.

பெட்டி மேல் மார்க்கரால் 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'ரோ' இல்லை, முழுசாக ரோஸ்மேரி. பிறகு சரியாக அச்சான அந்த ஒரு அடுக்கை வாரித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதெல்லாம் ரிஜெக்ட்."

"ஐயோ அக்கா, சரியா இருக்கறதே அதுங்கதானுங்!"

"சாம்பிளோட சேருதா? சேரல. ரிஜெக்ட் பீஸ் வெளிய போவப்படாது. இங்க வெச்சுட்டுப் போ, நான் பாத்துக்கிடுதேன்."

பேசி ஜெயிக்க முடியாது என்று பெட்டியைத் தூக்கிப்போய் ஆட்டோவில் ஏற்றினார்கள். வண்டி கிளம்பும்போதுதான் சித்ரகலாவுக்கு ஞாபகம் வந்தது, பழைய அட்டை உள்ளேயே தங்கிவிட்டது. இறங்கி ஓடினாள்.

ஜன்னலோரம் வந்தவள் அப்படியே நின்றாள். மேஜையில் லூடோ "உங்கள் முறை" என்று கூவிக்கொண்டிருந்தது, கவனிப்பார் இல்லை. ரோஸ்மேரி ரிஜெக்ட் பிரதி ஒன்றைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்திருந்தார். கட்டைவிரல் வேலப்பனின் தோளில் கிடந்த சிவப்பை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.

"ஏலே, இப்ப சரியாக் கெடக்கா?" என்று அவனைக் கேட்டார்.

சித்ரகலா அட்டையைக் கேட்காமலே திரும்பி வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள்.